நிலத்தைப் பின்னும் கைகள்

நூல் என்னும் ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறித்தவர்கள் நம் முன்னோர். நூல் இயற்றும் புலவனை, நூல் நூற்கும் பெண்ணோடு ஒப்பிட்டுக் காட்டுவார் நன்னூலார். சொல்லைக் கோத்துப் பொருள் காண்பதும், இழையைக் கோத்து ஆடை காண்பதும் ஒரே அறிவின் இரு தொழில்கள் என்பது இதனால் விளங்கும். எழுத்துக் கலையைப் பயில்வோர் நெசவுக் கலையையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதே ஆகும்.

இக்கட்டுரையில் நாம் அறிமுகம் செய்ய முற்படுவது, நம் நாட்டில் பலரும் அறியாத ஒரு நெசவு. அதில் பஞ்சும் இல்லை, பட்டும் இல்லை, கோரையும் இல்லை. நிழற்படங்களே அங்கு இழைகள். ஆறு, மலை, வயல், சதுப்பு நிலம் ஆகியவற்றின் படங்களை நீண்ட கீற்றுகளாக நறுக்கி, ஒன்றோடு ஒன்றைக் கையாலேயே பாய் முடைவதுபோல் பின்னி, இரண்டு படங்களிலும் தனித்தனியே இல்லாத மூன்றாவது காட்சி ஒன்றைப் பெறுவது அக்கலை. கேட்ட அளவில் சிறுவர் விளையாட்டுப்போலத் தோன்றும் இம்முயற்சி, நாடிழந்தவர்களும் நிலமிழந்தவர்களும் தம் நினைவைக் காத்துக்கொள்ளும் வழியாக வளர்ந்தது எவ்வாறு என்பதே நாம் காண வேண்டிய செய்தி.

செய்முறை

ஒரே அளவுடைய இரண்டு நிழற்படங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உடையது. முதற்படத்தை 1 செ.மீ. அகலமுள்ள நெடுங்கீற்றுகளாகக் கீழிருந்து மேலாக நறுக்க வேண்டும். ஆனால் மேல் ஓரத்தில் சிறிது இடத்தை வெட்டாமல் விட்டுவிட வேண்டும். இல்லையேல் கீற்றுகள் சிதறிப்போகும். இவை 30 கீற்றுகள், இவையே பாவு. இரண்டாம் படத்தைக் குறுக்குவாட்டில் முழுவதுமாக நறுக்கினால் 20 கீற்றுகள் கிடைக்கும், இவை ஊடை. ஊடைக் கீற்றுகளின் பின்புறத்தில் பென்சிலால் வரிசை எண் இட்டுக்கொள்வது நன்று. இடம் மாறிய ஒரு கீற்று, ஆற்றை மலைமேல் ஏற்றிவிடும்.

இனி, ஊடைக் கீற்று ஒவ்வொன்றையும் பாவுக் கீற்று ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செலுத்த வேண்டும். அடுத்த வரிசையில் மேல் சென்றது கீழும், கீழ் சென்றது மேலுமாக மாறும். இதுவே எளிய பின்னல். முடிவில் 600 சிறு கட்டங்கள் அமையும். அவற்றுள் 300 கட்டங்கள் முதற்படத்துக்கு உரியவை. 300 கட்டங்கள் இரண்டாம் படத்துக்கு உரியவை. இரண்டு இரண்டாக மேலும் கீழும் செலுத்தி, ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இடம் தள்ளித் தொடங்கினால் சாய்கோடுகள் தோன்றும். இன்னும் தேர்ந்த கைகள், எந்த இடத்தில் எந்தப் படம் மேலெழ வேண்டும் என முன்னரே எண்ணிக் கணக்கிட்டு, முகத்தையோ மரத்தையோ கோலத்தையோ விரும்பிய இடத்தில் வெளிப்படுத்தும்.

கீற்றின் அகலமும் பொருளை மாற்றும். கீற்றுகள் அகலமாயின் இரண்டு படங்களும் தனித்தனித் துண்டுகளாகக் கண்ணிற் படும். குறுகக் குறுக, அவை ஒன்றிலொன்று கரையும். தொலைவில் நின்றால் ஒரு காட்சி, அருகே சென்றால் வேறொரு காட்சி எனத் தோன்றும்.

இங்கு ஒரு வினா எழலாம். படங்களை வெட்டி ஒட்டும் ஒட்டுப்படக் கலை முன்பே உள்ளதே. இதில் புதுமை யாது? ஒட்டுப்படத்தில் மேலே ஒட்டப்படுவது கீழுள்ளதை மறைத்துவிடும். அங்கு மேல், கீழ் என்னும் நிலை மாறாதது. பின்னலிலோ, ஓரிடத்தில் மேலிருப்பது அடுத்த இடத்தில் கீழிறங்கியே ஆக வேண்டும். எந்தப் படமும் முழு வெற்றி பெறுவதில்லை. எந்தப் படமும் முற்றத் தோற்பதும் இல்லை. ஓரங்களைக் கட்டும் நாடாவைத் தவிரப் பசையும் பெரிதாகத் தேவையில்லை. ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் பிடிப்பே இரண்டையும் நிலைநிறுத்துகின்றது.

பாயிலிருந்து பிறந்த படம்

இக்கலையை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் டின் கியூ லே. கம்போடிய எல்லையை ஒட்டிய ஹா டியென் என்னும் வியட்நாமிய ஊரில் 1968இல் பிறந்தவர். 1978இல், கெமர் ரூஜ் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சி இவர்தம் குடும்பம் ஊரை விட்டு வெளியேறியது. பின்னர் அமெரிக்கா சென்று கலிஃபோர்னியாவில் வளர்ந்து, அங்கேயே கலை பயின்றார். சிறுவயதில் தம் அத்தை புல்லால் பாய் பின்னுவதைக் கண்ட நினைவு அவர் மனத்தில் இருந்தது. மாணவராக இருந்தபோதே தம் உருவப் படத்தையும் மேலைநாட்டுப் பழைய ஓவியங்களின் படங்களையும் நறுக்கி, அந்தப் பாய்ப் பின்னல் முறையில் ஒன்றாக்கினார். தாம் எந்த நாட்டவர் என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை அது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் இரண்டையும் பின்னிக்கொண்டார்.

பின்னர் 1990களில் அவர் கம்போடியாவைப் பற்றிய ஒரு வரிசையைப் படைத்தார். அங்கோர் கோயில்களின் சிற்பச் சுவர்கள் ஒருபுறம். துவோல் ஸ்லெங் சிறையில் அடைக்கப்பட்டவர்களின் முகங்கள் மறுபுறம். 1975 முதல் 1979 வரை நீடித்த கெமர் ரூஜ் ஆட்சியில் அச்சிறையில் அடைபட்டோர் ஏறத்தாழ 14,000க்கும் மேற்பட்டோர். உயிர் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சிறைக்குள் வந்தவுடன் ஒவ்வொருவரையும் படம் எடுத்து வைத்தனர் கொடியோர். அந்த முகங்கள் சிற்பங்களின் இடையே, கல்லிலிருந்து எட்டிப் பார்ப்பனபோல் டின் கியூ லேயின் பின்னலில் தோன்றும். ஒரு நாட்டின் பெருமையும் அதன் பெருந்துயரமும் ஒரே பாயின் பாவும் ஊடையுமாகிவிடுகின்றன. ஒன்றை உருவினால் மற்றொன்றும் குலையும்.

நாட்டை விட்டு ஓடியபோது அக்குடும்பத்தின் நிழற்படங்கள் அங்கேயே தங்கிவிட்டன. வியட்நாமுக்குத் திரும்பிய பின்னர், பழம்பொருட் கடைகளில் குவிந்து கிடந்த பிறர் குடும்பப் படங்களை அவர் வாங்கித் தேடினார். தம் குடும்பத்தின் படம் ஒன்றேனும் அகப்படாதா என்னும் ஏக்கமே அதற்குக் காரணம். அவ்வாறு திரட்டிய படங்களை நூலால் இணைத்து, தொங்கும் பெருந்திரை ஒன்றையும் அமைத்தார். 2024இல் அவர் மறைந்தார். பின்னல் என்பது அவருக்கு அலங்காரமாக இருந்ததில்லை. தொலைத்ததைத் தேடும் தொழிலாகவே இருந்தது எனலாம்.

கூடையிலிருந்து பிறந்த நிலம்

நிலக்காட்சிகளையே முதன்மையாகக் கொண்டு இக்கலையை வளர்த்து வருபவர் சாரா சென்ஸ். 1980இல் கலிஃபோர்னியாவில் பிறந்த இவர், அமெரிக்கத் தொல்குடிகளான சிட்டிமாச்சா, சாக்டா மரபினர். இவருடைய பணியை உணர வேண்டுமாயின் சிட்டிமாச்சா மக்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

இன்றைய லூசியானா மாநிலத்தின் ஆறுகளும் சதுப்பு நிலங்களும் சூழ்ந்த பெரும்பரப்பு இவர்களுக்கு உரியதாக இருந்தது. 1706 முதல் 1718 வரை பிரெஞ்சுக் குடியேற்றக்காரர்களோடு நிகழ்ந்த போரில் பலர் மாண்டனர், பலர் அடிமைகளாக்கப்பட்டனர். நிலம் சிறிது சிறிதாகப் பறிபோனது. 1917இல் அமெரிக்க அரசின் ஏற்பைப் பெற்றபோது அவர்கள் கையில் எஞ்சியது ஒரு சிறு துண்டு நிலமே. சாரென்டன் என்னும் ஊரை ஒட்டிய அவ்விடத்தில் அவர்கள் இன்றும் வாழ்கின்றனர்.

மொழிக்கு நேர்ந்ததும் அதுவே. மோரிஸ் சுவாடெஷ் என்னும் மொழியியலறிஞர் 1930களின் தொடக்கத்தில் அங்கு சென்றபோது, அம்மொழியை நன்கு பேச வல்லவர்களாக இருவரே எஞ்சியிருந்தனர். அவ்விருவருள் இறுதியானவர் 1940இல் மறைந்தார். சுவாடெஷ் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு 1990கள் முதல் அக்குடியினர் தம் மொழியை மீண்டும் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றனர். மொழித்துறையைச் சார்ந்த நாம் இச்செய்தியை எளிதில் கடந்துவிட இயலாது.

மொழி ஒடுங்கிய காலத்திலும் ஒடுங்காமல் நின்றது கூடை முடைதல். ஆற்றோரம் வளரும் நாணல் போன்ற ஒருவகை மூங்கிலைப் பிளந்து, மெல்லிய கீற்றுகளாக உரித்து, கருப்பு, சிவப்பு, மஞ்சள் சாயமேற்றி அவர்கள் கூடை பின்னுவர். உள்ளும் புறமும் இரட்டைச் சுவராக, இணைப்புத் தெரியாமல் அமையும் கூடைகள் அவர்களுடைய தனிச்சிறப்பு. அக்கலையில் வல்லவரான ஏடா தாமஸ் என்னும் அம்மையார்க்கு 1983இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் சிறப்பு வழங்கப்பெற்றது. அவர்களின் கோலங்களுக்கு வழங்கும் பெயர்கள் எண்ணத்தக்கன: முதலைக் குடல், கரும்பறவைக் கண், எலித்தடம், புழுத்தடம். தாம் வாழ்ந்த நிலத்தையே அவர்கள் கூடையில் எழுதி வைத்தனர் என்று கூறுவது மிகையாகாது.

சாரா சென்ஸ் செய்தது என்ன? தம் மூதாதையர் நிலத்தின் நீர்நிலைகளையும் மரங்களையும் படம் எடுத்தார். மூங்கில் தாளிலும் அரிசித் தாளிலும் அவற்றை அச்சிட்டார், கீற்றுகளாக நறுக்கினார், கூடைக் கோலங்களின் கணக்குப்படி பின்னினார். 2004ஆம் ஆண்டளவில் இம்முயற்சியைத் தொடங்கியபோது, அக்கோலங்களைப் பயன்படுத்தத் தம் குலத் தலைமையின் இசைவைக் கேட்டுப் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. தம் முன்னோர் சொத்தே ஆயினும் அது தமக்கு மட்டும் உரியதன்று என்னும் அடக்கம் அதில் உள்ளது. பிறர் மரபை எடுத்தாள விரும்பும் மாணவர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

அண்மைக் காலத்தில் அவர், இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்துப் பழைய நிலப்படங்களையும் தம் பின்னலில் சேர்த்துள்ளார். வட அமெரிக்காவை அளந்து, கோடு கிழித்து, புதுப்பெயர் சூட்டிக் குடியேற்றக்காரர்கள் வரைந்த படங்கள் அவை. அவற்றின் படிகளை அச்சிட்டு நறுக்கி, அதே நிலத்தின் இன்றைய நிழற்படங்களோடு கூடைக் கோலத்தில் பின்னுகின்றார். நிலத்தைப் பறித்த கோடுகள், நிலத்தை நினைவில் வைத்த கோலத்துக்கு இப்போது அடங்கி நடக்கின்றன. ஒரு சொல்லும் பேசாமல் ஒரு வழக்கை இவ்வளவு தெளிவாக எடுத்துரைக்க இயலுமா என வியக்கின்றோம்.

நிலக்காட்சி ஏன்?

உருவப் படங்களினும் நிலக்காட்சி இக்கலைக்கு ஏற்றதாவது ஏன் என்பதையும் ஆராயலாம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, மாந்தர் உணர்வை உரிப்பொருளாக வைத்தது நம் அகப்பொருள் மரபு. நெய்தலின் கழியைச் சொன்னால் இரங்கலைச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் மனிதனின் பின்னணி மட்டும் அன்று. அவன் வரலாற்றைத் தாங்கி நிற்பது. இதனை உணர்ந்த உள்ளத்துக்கு, ஆளில்லாத ஓர் ஆற்றின் படமும் ஆட்களைப் பற்றிப் பேசும்.

நம் சமுதாயத்தாருக்கு வேறொரு காரணமும் உண்டு. உயிருள்ளவற்றின் உருவங்களைச் சுவரில் மாட்டத் தயங்கும் பழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உள்ளது. அத்தயக்கத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் ஆறும் மலையும் மரமும் அத்தயக்கத்துக்கு உட்பட்டவை அல்ல. கோடுகளையும் கட்டங்களையும் பின்னிப் பின்னிப் பெருங்கலையாக்கிய இசுலாமிய மரபில் வந்தோர்க்கு, நிலமும் பின்னலும் கூடும் இக்கலை அயலானதாகத் தோன்றாது.

தொழிலாலும் இது நமக்குத் தொலைவானதன்று. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில், கோரையை நீரில் ஊறவைத்து, நுண்ணிதாகப் பிளந்து, பட்டுப்போல் மென்மையான பாய் நெய்யும் குடும்பங்களுள் மிகப் பல முஸ்லிம் குடும்பங்களே. மணமக்கள் பெயரையே பாயில் நெய்து தரும் கைகள் அவை. அத்தையின் புற்பாயிலிருந்து வியட்நாமியக் கலைஞர் ஒருவர் உலக அரங்கை அடைந்தார் எனின், நம் தாய்மாரின் பாய்களை நாம் எந்தக் கண்ணால் பார்த்து வருகின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

கையா, கணினியா?

இன்று கணினியில் இதே தோற்றத்தைச் சில நொடிகளில் பெற்றுவிடலாமே, கை எதற்கு என மாணவர்கள் வினவுவர். நியாயமான வினாவே. ஆனால் கணினி தருவது பின்னலின் தோற்றம் மட்டுமே. அங்கு மேலே தெரியும் கட்டத்தின் கீழே ஒன்றும் இல்லை. மறைந்த பாதி நீக்கப்பட்ட பாதி. கையால் பின்னியதிலோ மறைந்த பாதி மேற்கட்டத்தின் அடியில் உண்மையாகவே கிடக்கின்றது. விரலால் தடவினால் அதன் கனம் தெரியும். மறைவது வேறு, அழிவது வேறு என்பதை இக்கலை கைக்கும் கண்ணுக்கும் ஒருங்கே உணர்த்துகின்றது. நல்லதொரு படத்தை வெட்டுவது அதை அழிப்பதாகாதா என்று வருந்துவோர்க்கும் இதுவே விடை.

ஒரு குளத்தின் கதை

எழுதுவதற்கு முன் இதனை நாமே செய்து பார்த்தோம். நம் ஊர்க் குளத்தின் பழைய படம் ஒன்று வீட்டில் இருந்தது; கரை தொட நீர் நின்ற ஆண்டில் எடுத்தது. அதே இடத்தில் நின்று இப்போதைய படம் ஒன்றை எடுத்தோம். இன்று அங்கு நீர் இல்லை. எல்லைக் கற்களும் சுற்றுச்சுவர்களும் சில வீடுகளுமே உள்ளன. மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, படிகள் எடுத்து நறுக்கினோம்.

முதல் முயற்சி தோல்வியே. தாளின் கனத்தால் கீற்றுகள் நெருங்க மறுத்தன. நாம் இழுத்து இறுக்கினோம், பாவு வளைந்தது, கடைசிக் கீற்றுகளுக்கு இடமே இல்லை. அருகிருந்து பார்த்த, இளமையில் பாய் நெய்த முதிய தாயார் ஒருவர், "இழுக்காதீங்க தம்பி, தட்டித் தட்டிச் சேருங்க. இழுத்தா வராது" என்றார். அவர் சொன்னவாறு ஒவ்வொரு வரிசையையும் அளவுகோலின் விளிம்பால் மெல்லத் தட்டிச் சேர்த்தபோது பின்னல் அமைந்தது.

முடிந்ததைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். சுவர்களின் இடையே நீர் தெரிந்தது. நீரின் இடையே சுவர்கள் தெரிந்தன. அத்தாயார் நெடுநேரம் நின்று பார்த்தார். கோரை ஊறவைத்த படித்துறை எந்தக் கட்டத்தில் இருந்தது என்று விரலை வைத்துக் காட்டினார். அவ்விடத்தில் மேலே தெரிந்தது ஒரு வீட்டின் மதில். படித்துறை அதன் அடியில் இருந்தது. கீற்றைச் சற்றே நெம்பிக் காட்டினோம். "இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நிறைவாக

விலையுயர்ந்த கருவி எதுவும் இக்கலைக்கு வேண்டியதில்லை. ஒரு கத்தி, ஓர் இரும்பு அளவுகோல், இரண்டு படிகள், பொறுமை ஆகியவையே போதும். ஆனால் எந்த இரண்டு படங்களை எதிரெதிரே வைப்பது என்னும் சிந்தனைதான் கடினமானது. அச்சிந்தனை பிறக்க வேண்டுமாயின் தம் ஊரின் நேற்றையும் இன்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, நம் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களைத் தேடுங்கள். அவை எந்த இடம், எந்த ஆண்டு என்று பெரியவர்களைக் கேட்டுப் பின்புறத்தில் எழுதி வையுங்கள். பின்னர் அந்த இடத்துக்குச் சென்று இன்றைய படத்தை எடுங்கள். சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவர்கள் கேட்டு வரும்போது நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். பாவு உங்களிடம் உள்ளது. ஊடையை அவர்கள் கொணர்வார்கள். எல்லாம் வல்ல இறைவன் அம்முயற்சிக்குத் துணை நிற்பானாக.